கதிரை அடுக்கினாலும் சினிமா படிக்கலாம்
திரைப்பட விழாவில் பயிலுநராகப் போனால் கதிரை அடுக்கலாம், சினிமா படிக்க ஏலாது என்ற கட்டுரையின் கருத்தை நான் ஏற்கவில்லை. மட்டக்களப்பில் ஒரு சிறிய சுயாதீனப் பட விழாவில் நானும் கதிரை அடுக்கினேன், சரி. ஆனால் கல்லடியில் நடந்த ஒத்திகையில் ஒரு படத்தின் அடியில் வரும் வசன வரிகள் (சப்டைட்டில்) நடிகர் பேசுவதற்கு முன்பே, போகப் போக முந்திக்கொண்டு வந்தன. பத்தாவது நிமிடத்தில் 24 செக்கன் வித்தியாசம்! படம் செக்கனுக்கு 24 பிரேம் (தனித்தனி அசையாப் படங்கள்), வரிகளின் கோப்போ செக்கனுக்கு 25 பிரேம் ஓடும் படத்துக்குச் செய்தது. அன்றிரவே நேரங்களை மாற்றி, நடிகரின் உதட்டைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு வரியையும் சரிபார்த்தோம். படத்தொகுப்பு என்றால் என்னவென்று எனக்கு விளங்கியது அந்த இரவில்தான். ஆனால் பயிலுநர்களுக்குப் பஸ் காசாவது கட்டாயம் கொடுக்க வேண்டும். அக்கரைப்பற்றிலிருந்து தினமும் வந்துபோன பிள்ளைகள் எங்களோடு இருந்தார்கள்.