எஸ்ஓ கோப்பை அழித்தால் பிஎச்பி நீட்டிப்பு போய்விடுமா?

"டெபியன், உபுண்டு லினக்ஸ் இயங்குதளங்களில் பிஎச்பி (PHP) நிரல்மொழிக்குக் கூடுதல் வசதி தரும் நீட்டிப்பை நீக்க, அதன் நிரல் இருக்கும் எஸ்ஓ (.so) கோப்பை அழித்தாலே போதும்" என்று ஒரு குறிப்பு சுற்றுகிறது. இது தவறு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

கோப்பு போனாலும் பதிவு போகாது. மாட்ஸ்-அவைலபிள் (mods-available) அடைவில் நீட்டிப்பின் அமைப்புகளைச் சொல்லும் ஐஎன்ஐ (.ini) கோப்பும், கான்ஃப்-டி (conf.d) அடைவில் அதைச் சுட்டும் இணைப்பும் அப்படியே இருக்கும். பிஎச்பி ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் அந்த இணைப்பைப் படித்து, இல்லாத கோப்பைத் தேடி, 'ஏற்ற முடியவில்லை' என்ற எச்சரிக்கையைப் பதிவேட்டில் (log) எழுதும். நிறுவிய மென்பொருள் தொகுப்புகளைக் கணக்கு வைக்கும் டிபிகேஜியின் (dpkg) கணக்கிலோ நீட்டிப்பின் தொகுப்பு இன்னும் நிறுவப்பட்டதாகவே இருக்கும். அதனால் அடுத்த புதுப்பிப்பில் நீங்கள் அழித்த கோப்பு திரும்ப வந்து உட்காரும்!

தற்காலிகமாக நிறுத்த பிஎச்பிடிஸ்மாட் (phpdismod) கட்டளை போதும். நிரந்தரமாக நீக்க ஆப்ட் ரிமூவ் (apt remove) கட்டளை. தொகுப்போடு வரும் நீக்கல் ஸ்கிரிப்ட்டே அந்த இணைப்பை எடுத்துவிடும். ஐஎன்ஐ கோப்பு மட்டும் மிஞ்சும், அதையும் துடைக்க வேண்டுமென்றால் ஆப்ட் பர்ஜ் (apt purge).

சரி, ஏற்கெனவே கையால் அழித்துவிட்டீர்களா? தொகுப்பை மறுபடி நிறுவுங்கள், அப்புறம் முறையாக நீக்குங்கள். வலைத்தளங்களுக்கு பிஎச்பியை இயக்கும் எஃப்பிஎம் (FPM) சேவையைப் பயன்படுத்தினால், அதை மீண்டும் தொடங்க மறக்காதீர்கள்.