ஜெட்டில் இருக்கிற எண்ணை ஒரு தடவையாவது படித்தீர்களா?

"கார்பரேட்டரைக் கழற்றி சுத்தம் பண்ணிட்டேன் தம்பி. இனிமே பறக்கும்."

நேற்று நான்காவது முறையாகப் பட்டறைக்குப் போனபோது மெக்கானிக் சொன்ன வாக்கியம் இது. வீட்டுக்கு வந்ததும் பக்கி என்கிற பிக்கப் வண்டியிலிருந்து குவாடை (நாலு சக்கர பைக்கை) இறக்கி, பலகையை எடுத்து வைக்கக்கூடப் பொறுக்காமல் கிக்கரை மிதித்தேன். முதல் மிதியில் கிளம்பியது. ஐடில் சுத்தம். ஒன்று, இரண்டு, மூன்றாவது கியர் எல்லாம் நன்றாகவே இழுத்தது. நாலாவது போட்டு, கரும்பு ஓரத்துத் தீத்தடுப்புப் பாதையில் மேட்டைப் பார்த்து த்ராட்டிலைக் கட்டைவிரலால் முழுக்க அழுத்தினேன். முக்கால் த்ராட்டில் வரை கத்திக்கொண்டு போன எஞ்சின், அதற்கு மேல் தொண்டையில் சோறு சிக்கியது போல விக்கியது. விரலைத் தளர்த்தினால் இழுக்கிறது, அழுத்தினால் படுத்துக்கொள்கிறது. மே மாதத்திலிருந்து இதேதான். நான்கு தடவை காசு கொடுத்த பிறகும் இதேதான்.

டூ-ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த வண்டியின் உயிரே மேல் ஆர்பிஎம்மில்தான் இருக்கிறது. கீழே அது சாது, மேலே போனால்தான் புலி. புலி வருகிற இடத்தில் வண்டி முனகினால் மேடேற முடியாது. எனக்கு இது ஞாயிற்றுக்கிழமை மணலில் விளையாடுகிற சாமான் இல்லை. தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்துக் கடற்கரை ஊரான டோங்காட்டுக்கு மேற்கே சரிவில் கரும்பு. வெட்டுக்கு முன் எரிக்கிற அன்றைக்கு, முதுகில் தண்ணீர்ப் பம்பைக் கட்டிக்கொண்டு தீ தாண்டுகிறதா என்று மேட்டில் ஓடிப் பார்க்க வேண்டும். காற்று திரும்பினால் ஒரு நிமிடம் கூடக் கிடைக்காது. போன மாதம் அப்படித் திரும்பியபோது வண்டி விக்கி நின்றது. வண்டியைப் போட்டுவிட்டு நான் ஓடினேன். பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் அடித்து அணைத்தார்கள். அவர்கள் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது.

இனி கணக்கைக் கேளுங்கள். முதல் தடவை கார்பரேட்டர் கிளீன், புது ப்ளக்: 950 ராண்ட். இரண்டாம் தடவை, "கரண்ட் மேல வரல தம்பி, சி.டி.ஐ. போச்சு" என்றார். பழைய சி.டி.ஐ. (ப்ளக்குக்குக் கரண்ட் அனுப்புகிற பெட்டி) ஒன்றும் வயரிங் செக்கும் சேர்த்து 1,600. மூன்றாம் தடவை ரீட் வால்வு (கலவையை உள்ளே விட்டுத் திரும்ப விடாத இதழ்), 1,150. நேற்று மறுபடியும் கிளீன், 600. மொத்தம் 4,300 ராண்ட். கிளம்பும்போது சொன்னார்: "இதுக்கும் சரியாகலன்னா போர் பண்ணணும். ஆறாயிரம் ஆகும்."

கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம், பார்த்தீர்களா அண்ணா என்று கேட்டேன். "பாக்கவே வேணாம், சத்தத்துலயே தெரியுது" என்றார். வீட்டில் மச்சானிடம் கேஜ் வாங்கி ப்ளக் ஓட்டையில் வைத்து, த்ராட்டிலைத் திறந்துபிடித்து ஏழெட்டு மிதி மிதித்தேன். 120 பி.எஸ்.ஐ. காட்டியது. நல்ல எஞ்சின். ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் ஆறாயிரம் ராண்டுக்கு ஒரு சிலிண்டரைக் கடைய உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்த வயரிங் செக்கைச் சொல்லியே ஆக வேண்டும். வண்டி யமஹா ப்ளாஸ்டர், 195 சிசி, காற்றில் குளிரும் ஒற்றை சிலிண்டர். இவ்வளவு எளிமையான எஞ்சின் கிடைப்பது கஷ்டம். கம்பெனியிலிருந்து வரும்போது அதில் த்ராட்டில் ஓவர்ரைடு என்று ஒரு பாதுகாப்பு ஏற்பாடு இருக்கும். நாம் கட்டைவிரலை எடுத்த பிறகும் கார்பரேட்டர் ஸ்லைடு மூடாமல் சிக்கிக்கொண்டால், அது ஸ்பார்க்கை வெட்டிவிடும். கேபிள் தளர்வு சரியில்லையென்றால் வேண்டாத நேரத்திலும் வெட்டும். "அந்த ஸ்விட்சுலதான் கோளாறு, சரி பண்ணிட்டேன்" என்று எழுதிக் காசு வாங்கினார். என் வண்டியில் அந்த ஏற்பாடே இல்லை! எனக்கு விற்றவர் எப்போதோ கழற்றி எறிந்துவிட்டார். ஸ்விட்ச் இருந்த இடத்தில் வெறும் மூடிதான் இருக்கிறது. இல்லாத சாமானைச் சரிபண்ணினேன் என்று பில் போடுவதற்குப் பெயர் ரிப்பேர் இல்லை.

இதை எல்லாம் கூடப் பொறுத்துக்கொள்வேன். நேற்றுக் காலை பட்டறையில் நடந்த அந்த ஒரு நிமிடத்தைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. ராத்திரி முழுக்க அது கண்ணுக்குள்ளேயே ஓடியது.

நான் பக்கத்தில்தான் நிற்கிறேன். கார்பரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றுகிறார். மெயின் ஜெட்டைத் திருகி வெளியே எடுக்கிறார். பெட்ரோல் வருகிற ஓட்டை உள்ள பித்தளைத் துண்டு, சுண்டுவிரல் நகத்தளவுகூட இருக்காது. அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து காற்றடிக்கிறார். வானத்துக்கு நேராக உயர்த்தி ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறார். என்னிடமும் காட்டுகிறார். "பாருங்க தம்பி, வெளிச்சம் தெரியுது. சுத்தமா இருக்கு." நானும் பார்த்தேன், வெளிச்சம் தெரிந்தது. திருப்பி மாட்டினார்.

அந்த ஜெட்டின் மேல் ஓட்டையின் அளவைச் சொல்கிற எண் பொறித்திருக்கிறது. அவர் விரலுக்கு நடுவில், அவர் கண்ணுக்கு நேராக இருந்தது. அதே ஜெட்டை முன்பும் கழற்றியிருக்கிறார். ஒரு தடவைகூட அந்த எண்ணைப் படிக்கவில்லை.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. முதல் நாள் வண்டியை இறக்கியபோது, "எங்கே வாங்கினீங்க?" என்று கேட்டதே அவர்தான். ஜோகன்னஸ்பர்க்கில் என்றேன். "ஓ, ஜோபர்க் வண்டியா, நல்லா வெச்சிருப்பாங்க" என்றார். விடை அவர் வாயிலேயே இருந்தது. அதைத் துப்பிவிட்டு சி.டி.ஐ. தேடப் போனார்.

எனக்கு அது பொறி தட்டியது நேற்று ராத்திரிதான். ஜோகன்னஸ்பர்க்கில், லெனேசியாவில் இருக்கிற அக்கா போனில் பேசிக்கொண்டிருந்தாள். அவள் மாமியார் டர்பனிலிருந்து போயிருக்கிறார். "இங்கே பருப்பு வேகவே மாட்டேங்குதுன்னு அத்தை ஒரே புலம்பல்டா. குக்கர் இல்லாம இங்கே பருப்பு வேகுமா?" என்றாள். கையிலிருந்த டம்ளரை வைத்துவிட்டேன். ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்துக்கு மேல் கிட்டத்தட்ட 1,750 மீட்டர். அங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால்தான் பருப்பு லேசில் வேகாது. காற்று அவ்வளவு மெல்லிசு. நம் கடற்கரைக் காற்றோடு ஒப்பிட்டால் அடர்த்தி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. அந்தக் காற்றுக்கு ஏற்றமாதிரி பெட்ரோலைக் குறைக்கச் சின்ன ஜெட் போட்டு ஓட்டியிருக்கிறார்கள். அதே வண்டியை நான் என்3 சாலையில் கீழே இறக்கிக் கொண்டுவந்து, டோங்காட்டின் கனத்த காற்றைக் குடிக்க விட்டிருக்கிறேன். காற்று கூடிவிட்டது, பெட்ரோல் அதே சின்ன ஓட்டை வழியாகத்தான் வருகிறது.

கீழே நன்றாக ஓடுவதற்கும் மேலே விக்குவதற்கும் காரணம் இதுதான். த்ராட்டில் கால்வாசி வரை, மெதுவாக ஓடும்போது பெட்ரோல் தருகிற பைலட் ஜெட்டின் ராஜ்யம். அதற்கு மேல் முக்கால்வாசி வரை கார்பரேட்டர் ஸ்லைடில் தொங்கும் ஊசி. முழுக்கத் திறந்தால்தான் மெயின் ஜெட் தனியாகச் சுமக்கும். எந்த இடத்தில் நோய் என்று வண்டியே வாய்விட்டுச் சொல்கிறது. மே மாதத்திலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறது.

இன்று விடிந்ததும் மேட்டுக்குப் போனேன். நாலாவது கியர், முழு விரல். விக்க ஆரம்பித்த அதே நொடியில் சோக் குமிழைப் பாதி இழுத்தேன். வண்டி பாய்ந்தது! சோக் இழுத்தால் கலவையில் பெட்ரோல் கூடும். கூடியதும் பாய்ந்தால் பெட்ரோல் பற்றாக்குறை என்று அர்த்தம். ஒரு பைசா செலவில்லாத சோதனை. முழு வேகத்தில் எஞ்சினை அணைத்து, கிளட்சைப் பிடித்து நிறுத்தி, ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தேன். பீங்கான் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது. அப்புறம் கிண்ணத்தைக் கழற்றி ஜெட்டைப் படித்தேன். 210.

டர்பனில் ஒரு கடையில் 230, 240 இரண்டும் வாங்கினேன். ஒன்று 65 ராண்ட். பெரிதை முதலில் போட வேண்டும், ஏனென்றால் பெட்ரோல் கூடினால் எஞ்சின் புகைக்கும், குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். 240 போட்டபோது மேலே பொடபொடவென்று இருந்தது. 230 போட்டேன். மேட்டின் உச்சி வரை ஒரே மூச்சில் ஏறியது. ப்ளக் இப்போது நல்ல பழுப்பு.

நான் இவ்வளவு கத்துவது காசுக்காக மட்டும் இல்லை. என் வண்டியில் ஆயில் பம்ப் கிடையாது. பெட்ரோலில் 32-க்கு 1 என்று ஆயிலைக் கலந்து ஊற்றுகிறேன், லிட்டருக்கு 31 மில்லி. பெட்ரோல் குறைவாகப் போனால் ஆயிலும் குறைவாகத்தான் போகும். சூடும் கூடி, மசகும் குறைந்து, முழு வேகத்தில் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொண்டால் பின்சக்கரம் அப்படியே பூட்டிவிடும். சரிவில், முதுகில் தண்ணீரோடு, தீக்குப் பக்கத்தில். "ஓட்ட ஓட்ட சரியாயிடும் தம்பி, நல்லா முறுக்குங்க" என்றுதான் மூன்றாம் தடவை எனக்குச் சொல்லி அனுப்பினார். நானும் முறுக்கினேன். பிழைத்தது புண்ணியம்.

ஜெட் மட்டும்தான் காரணம் என்று சொல்லவில்லை. சைலன்சரில் கரி அடைத்தாலும் மேலே மூச்சு முட்டும். டேங்க் மூடியின் காற்றுக்குழாய் அடைத்தாலும் சற்று நேரம் ஓடியதும் பெட்ரோல் இறங்காது. மூடியைத் தளர்த்தி ஓட்டினால் அது தெரிந்துவிடும். ரீட் இதழை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பிளவு தெரியும். என்னுடைய பழைய ரீட்டைக் கேட்டு வாங்கி வந்தேன், ஒரு கீறல் இல்லை! கிராங்க் தண்டின் ரப்பர் சீல் காற்றை இழுத்தால் விரலை எடுத்த பிறகும் ஐடில் இறங்காமல் தொங்கும், என் வண்டியில் சட்டென்று இறங்கியது. எல்லாமே கண்ணும் காதும் வைத்துச் செய்கிற சோதனைகள். ஒன்றுகூடச் செய்யாமல் சாமான் மாற்றிக்கொண்டே போவது எப்படி மெக்கானிக் வேலையாகும்? வயிற்றுவலி என்று போனவனுக்கு, தொட்டுக்கூடப் பார்க்காமல் நான்கு முறை பல் விளக்கிவிட்டு அனுப்புவார்களா?

ஜோகன்னஸ்பர்க்கில் 93 ஆக்டேன் பெட்ரோல் பங்க்குக்குப் பங்க் கிடைக்கும். நம் கடற்கரையில் 95. மேலே காற்று மெல்லிசு, 93 போதும் என்று பெட்ரோல் ஊற்றுகிற பையனுக்குக்கூடத் தெரிகிறது. முப்பது வருட அனுபவம் என்று பலகை மாட்டியவருக்குத் தெரியவில்லை.

பெட்ரோல் என்றதும் இன்னொரு எரிச்சல். நாளை மாதத்தின் முதல் புதன், இங்கே பெட்ரோல் விலை மாறுகிற நாள். நடுராத்திரிக்கு மேல் விலை மறுபடி ஏறுகிறது. மாதாமாதம் இதே செவ்வாய்க்கிழமை ராத்திரி, மாதாமாதம் இதே வரிசை. இரண்டு கேன்களோடு பக்கியில் உட்கார்ந்து இதை அடித்துக்கொண்டிருக்கிறேன், எனக்கு முன்னால் இன்னும் பதினோரு வண்டிகள். முதலாவதாக நிற்பவர் டேங்க், நான்கு கேன், ஒரு டிரம் என்று நிரப்பிவிட்டு, இப்போது கார்டு வேலை செய்யவில்லை என்று பணம் எடுக்கக் கடைக்குள் போயிருக்கிறார். காரை நகர்த்தி விட்டுவிட்டுப் போங்கள் அண்ணா! சாவியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.