நடுவர் எப்போது பேசக் கூடாது?
‘நடுவர் இடைவிடாமல் பேசிக்கொண்டே இருந்தால் தவறுகள் குறையும்’ என்று ரக்பி நடுவர்களைப் பற்றிய ஒரு கட்டுரை சொல்வதை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. 2017 பிப்ரவரியில் ட்விக்கன்ஹாமில் நடந்த இங்கிலாந்து–இத்தாலி ரக்பி ஆட்டம் நினைவிருக்கிறதா? டேக்கிளுக்கு (பந்தோடு ஓடுபவரைப் பிடித்து வீழ்த்துவதற்கு) பிறகு இத்தாலியர்கள் வேண்டுமென்றே பந்துக்கு மேல் வந்து மோதவில்லை. அதனால் ரக் (தரையில் கிடக்கும் பந்துக்கு மேல் இரு அணியினரும் முட்டித் தள்ளும் நிலை) இல்லை, தாண்டி நிற்கக் கூடாத ஆஃப்சைடு கோடும் இல்லை. குழம்பிப்போன இங்கிலாந்து வீரர் ஜேம்ஸ் ஹாஸ்கெல், ரக் உருவாக என்ன செய்ய வேண்டும் என்று நடுவர் ரொமேன் புவாட்டிடமே கேட்டார். தான் நடுவர், பயிற்சியாளர் அல்ல என்று அவர் முடித்துவிட்டார். சரியான பதில், விளக்கியிருந்தால் ஓர் அணிக்குத் துணை போயிருப்பார். (பிறகு அந்த விதியே மாற்றப்பட்டது.) பள்ளி ஆட்டங்களுக்கு நான் விசில் பிடித்த முதல் ஆண்டில், ‘பந்திலிருந்து கையை எடு, கையை எடு’ என்று ஒவ்வொரு டேக்கிளிலும் கத்துவேன். ஏழாம் எண் பையன் ஒருவன் என் குரல் கேட்கும்வரை பந்தில் கையை அழுத்தி வைத்திருந்து, கேட்டதும் எடுத்துவிடுவான். அந்த இரண்டு நொடியில் எதிரணியின் வேகம் செத்துவிடும். ‘நீங்கள் சொல்லும்வரை எடுக்கவே மாட்டான் சார்’ என்று இடைவேளையில் எதிரணிக் கேப்டன் வந்து சொன்னபோதுதான் உறைத்தது. இரண்டாம் பாதியில் ஒரே ஓர் எச்சரிக்கை, அடுத்தது பெனால்டி. கை தானாக விலகியது. நடுவர் கேப்டனிடம் மட்டும் பேசினால் போதும் என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் சொல்கிறார். இரு அணி வீரர்களும் பிணைந்து குனிந்து முட்டித் தள்ளும் ஸ்க்ரமில் அது ஆபத்து. கழுத்தைப் பணயம் வைப்பவர்கள் முன்வரிசை வீரர்கள். ‘க்ரவுச், பைண்ட், செட்’ (குனி, பிடி, முட்டு) மூன்றையும் நிதானமாக அவர்கள் காதில் விழும்படி நேராகச் சொல்லியாக வேண்டும்.