பி சைலண்ட்டாம்!

ஆங்கிலத்தில் கடனுக்கான சொல்லை யாராவது 'டெப்ட்' என்று வாசித்துவிட்டால் போதும், பக்கத்தில் ஒரு மேதாவி முளைத்துவிடுவார். "டெட்... பி சைலண்ட்" என்பார். கூடவே ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எழுதியிருப்பதை எழுதியபடி வாசித்தவருக்குத் தலைகுனிவு. தேவையில்லாத எழுத்தை உள்ளே செருகிவிட்டுப் போனவர்களை ஒரு கேள்வி கேட்க ஆள் கிடையாது.

செருகியதுதான், சந்தேகமே வேண்டாம். பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது அந்தச் சொல்லில் பி இல்லை. இல்லாத எழுத்தை யாரும் ஒலிக்கவும் இல்லை. அப்புறம் லத்தீன் மோகம் தலைக்கேறிய படிப்பாளிகள் வந்தார்கள். மூலச் சொல் லத்தீனின் 'டெபிட்டும்' ஆயிற்றே, அந்தப் பரம்பரை எழுத்தில் தெரிய வேண்டாமா என்று பி-யைக் கொண்டுவந்து வைத்தார்கள். 'டவுட்' கதையும் இதேதான். வாயில் வராத எழுத்து, வம்சப் பெருமைக்காக மட்டும்!

சரி, வம்சம்தான் முக்கியம் என்றால் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி செய்திருக்க வேண்டுமே? ரிசீட், டிசீட் (வஞ்சகம்), கன்சீட் (கர்வம்) மூன்றும் 'காப்பெரே' என்ற ஒரே லத்தீன் வினையின் வழி வந்தவை. இதில் ரிசீட்டுக்கு மட்டும் ஒரு பி. (இது வேறு பி, பேப்பரில் வருவது. தமிழில் எழுதினால் இந்தத் தொல்லை வேறு.) வஞ்சகத்துக்கும் கர்வத்துக்கும் அது கிடைக்கவில்லை. ஒரு கண்ணில் வெண்ணெய், இன்னொரு கண்ணில் சுண்ணாம்பு. 1755-இல் அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், டிசீட்டையும் ரிசீட்டையும் முன்னுரையிலேயே எடுத்துக்காட்டி, சீரான எழுத்துமுறையை வழக்கத்துக்காக விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று என்கிறார். அகராதி எழுதியவரே கையை விரித்துவிட்டார். வாசித்தவர் மட்டும் முட்டாளா?

'ஐலண்ட்' இன்னும் மோசம். அது பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல், லத்தீனோடு ஒட்டுமில்லை உறவுமில்லை. 'ஐல்' என்பதுதான் லத்தீனின் 'இன்சுலா' வழியில் வந்தது. இரண்டும் தீவைக் குறிக்கிறதே, சொந்தமாகத்தான் இருக்கும் என்று நினைத்து ஐலின் எஸ்ஸை இதற்கும் மாட்டிவிட்டார்கள். வம்சப் பெருமையும் தவறான வம்சத்துக்கு! 'ப்ரெடிக்ட்', 'வெர்டிக்ட்' இரண்டிலும் சி ஒலிக்கும். அதே குடும்பத்தில் குற்றம் சாட்டும் சொல்லை மட்டும், எழுத்தில் சி இருந்தாலும், 'இண்டைட்' என்று சொல்ல வேண்டுமாம். கர்னல் விஷயத்தில் (ஆங்கிலத்தில் எழுதுவது 'கொலோனெல்' என்பதுபோல) எழுத்து இத்தாலியப் பக்கம், உச்சரிப்பு பழைய பிரெஞ்சுப் பக்கம். நல்லவேளை, தமிழில் நாம் காதில் விழுந்தபடி எழுதித் தப்பித்தோம்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். 'ஃபால்ட்' என்ற சொல்தான் எனக்கு ஆறவே ஆறாது. அதில் உள்ள எல்லும் லத்தீனைக் காட்டுவதற்காகப் பின்னால் சேர்த்ததுதான். ஜான்சன் காலத்திலேயே அந்த எல் சில சமயம் ஒலிக்கும், சில சமயம் ஒலிக்காது. பேச்சில் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள் என்று அவருடைய அகராதியே சொல்கிறது. இன்று? உலகம் முழுக்க எல்லோடுதான் சொல்கிறார்கள். அதாவது எழுத்தைப் பார்த்து அப்படியே வாசித்தவர்கள் ஜெயித்துவிட்டார்கள். டெப்ட் என்பவரும் அதே வேலையைத்தானே செய்கிறார்? அங்கே அது சரியான ஆங்கிலம், இங்கே அது அறியாமையா?

உச்சரிப்பைச் சொல்லிக்கொடுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? அந்த இளிப்புதான் வேண்டாம். 'பெர்ஃபெக்ட்' என்று சொல்கிறீர்களே, அதில் உள்ள சி-யும் லத்தீனைப் பார்த்துப் பின்னால் செருகி, அப்புறம் ஒலிக்கத் தொடங்கியதுதான். அதற்காக உங்களை யாரும் திருத்த வரவில்லை.