தங்கக் காசு: எடைக்கா, சேகரிப்புக்கா?

போன வாரம் தம்பி முறை உள்ள ஒருவர் போன் செய்தார். "அண்ணே, கையில கொஞ்சம் பணம் இருக்கு, தங்கக் காசு வாங்கலாம்னு பாக்குறேன். எது நல்லது?" முதலீட்டுக்கா, சேர்த்து வைத்துப் பார்க்கவா என்று கேட்டேன். "ரெண்டுக்கும்தான்" என்றார். எனக்குத் தெரிந்து பலர் நஷ்டப்பட்டது இந்த "ரெண்டுக்கும்தான்" என்ற நினைப்பில்தான்.

முதலீடு என்றால் எடையும் சுத்தமும் மட்டும்தான் கணக்கு. காசில் லட்சுமி இருக்கிறாளா, தாமரை இருக்கிறதா என்பதற்கு விற்கும்போது ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. வாங்கும்போது 3 சதவீத ஜிஎஸ்டி போகும், அது திரும்பி வராது. செய்கூலியும் அப்படித்தான். ஒரு கிராம் காசாகப் பத்து வாங்கினால், பத்து கிராம் காசு ஒன்று வாங்குவதைவிடச் செலவு கூடும். முடிந்தால் பணம் சேர்த்துப் பெரிய காசாக வாங்குங்கள். காசு அடைத்து வரும் அட்டையைக் கிழிக்காதீர்கள், பில்லைத் தொலைக்காதீர்கள்.

அப்புறம், திரும்ப யார் எடுப்பார்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். சில வருடங்களுக்கு முன் என் அம்மா ஒரு வங்கியில் காசு வாங்கினார். கடை விலையைவிடக் கூடுதல்தான், ஆனாலும் வங்கி என்ற நம்பிக்கை. அவசரத்துக்கு விற்கப் போனபோது, "நாங்க விற்போம், திரும்ப வாங்க மாட்டோம்மா" என்றார்கள். ரிசர்வ் வங்கி விதியே அப்படித்தான். விற்கிற அன்று யாரும் அதை அவருக்குச் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

இன்னொன்று, 24 காரட் இல்லையென்றால் மட்டம் என்ற எண்ணம். தென்னாப்பிரிக்காவின் க்ரூகர்ராண்ட் என்ற தங்கக் காசு 1967இல் இருந்து வருகிறது. 22 காரட்தான், மொத்த எடை 33.93 கிராம். ஆனால் உள்ளே 31.1 கிராம் சுத்தத் தங்கம் முழுசாக இருக்கிறது. செம்பு அதற்கு மேல் சேர்ந்ததுதான், அதனால் காசு லேசில் கீறலும் படாது. கனடாவின் மேப்பிள் லீஃப் காசு ஆயிரத்துக்கு 999.9 பங்கு சுத்தம். மிருதுவானது, பார்த்துக் கையாள வேண்டும். இரண்டிலும் தங்கம் ஒரே அளவுதான்.

சேகரிப்பு வேறு உலகம். அதற்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. நாம் வாயில் சொல்லும் "சவரன்" பிரிட்டனின் சாவரின் காசிலிருந்து வந்த சொல். எடை 7.98 கிராம், அதில் சுத்தத் தங்கம் 7.32. அந்த 7.98ஐத்தான் நாம் எட்டு கிராம் ஆக்கிக்கொண்டோம். அந்தக் காசில் உள்ள, குதிரை மேலிருந்து ஒரு வீரன் டிராகனைக் குத்தும் படம், பிஸ்ட்ரூச்சி என்ற இத்தாலியர் 1817இல் வந்த காசுக்காகச் செதுக்கியது.

அப்பத்தாவின் காசுமாலையைப் பிரித்துப் பங்கு வைத்தபோது எனக்கு இரண்டு காசு வந்தது. ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை. மறுபக்கம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கீழே 1918. அந்த வருடத்துக்கு நேர் மேலே, குதிரை நிற்கும் தரையில், கடுகளவு "ஐ" என்ற ஆங்கில எழுத்து. இந்தியாவுக்கான அடையாளம். முதல் உலகப்போர்க் காலத்தில் லண்டன் நாணயச்சாலை பம்பாயில் கிளை வைத்துச் சாவரின் அடித்தது அந்த 1918 ஒரு வருடக் காசு மட்டும்தான். சுமார் 13 லட்சம் அடித்தார்கள், அதனால் கிடைக்காத பொருள் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்த எழுத்தைப் பார்த்த நிமிடம் உடம்பு சிலிர்த்தது.

அதே மாலையில் பங்கு கிடைத்த சொந்தக்காரர் ஒருவர் நேராகக் கடைக்குப் போனார். தட்டில் போட்டு, மாலை வளையம் பற்றவைத்ததற்குக் கழித்து, பழைய தங்கம் என்று பணம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வருடத்தைக்கூட யாரும் பார்க்கவில்லை. வீட்டில் பழைய காசு இருந்தால் தயவுசெய்து முதலில் லென்ஸில் பாருங்கள். மெருகு போடக் கொடுக்காதீர்கள், மெருகு போட்ட காசைச் சேகரிப்பவர் கையில் வாங்கியதுமே கண்டுபிடித்துவிடுவார்.

என்னுடைய காசு இரண்டிலும் மாலையில் கோர்க்க வளையம் பற்றவைத்திருக்கிறது. சேகரிப்புச் சந்தையில் அது காயம், கூடுதல் விலை கிடைக்காது. எடுத்துவிடலாமா என்று ஆசாரியிடம் கேட்டேன். "எடுத்தா தழும்பு நிக்கும் தம்பி, அப்படியே இருக்கட்டும்" என்றார். அப்படியே வைத்திருக்கிறேன்.