பத்து நாள் சான்றிதழும் ஒற்றைக் கால் வீக்கமும்

போன வாரம் கீழக்கரையிலிருந்து ஒரு பெண் இன்பாக்ஸில் எழுதியிருந்தாள். "அக்கா, பத்து நாள் மசாஜ் பயிற்சி, சர்வதேசச் சான்றிதழ், முடித்ததும் துபாயில் வேலை என்கிறார்கள். சேரலாமா?" கூடவே ஒரு விளம்பரத் தாளின் படம். வெள்ளைத் துண்டு, மூங்கில் குருத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மூன்று கருங்கற்கள். அந்தக் கல்லைச் சூடாக்கி முதுகில் வைக்கப் பத்து நாளில் கற்றுக்கொள்ளலாம். யார் முதுகில் வைக்கக் கூடாது என்று கற்றுக்கொள்ளத்தான் நாளாகும்.

அவளுக்கு எழுத ஆரம்பித்த பதில் நீண்டுகொண்டே போனது. மாதத்துக்கு இரண்டு பேராவது இதே கேள்வியைக் கேட்பதால் இங்கேயே போட்டுவிடுகிறேன்.

நானும் அப்படியொரு பயிற்சியில் தொடங்கியவள்தான். ஊர் பாம்பன். அம்மா தீவுப் பக்கம் கடற்பாசி எடுக்கப் போகிறவள். அவளுடைய இரண்டு வளையல்களை அடகு வைத்துப் பணம் கட்டி, வெளியூரில் ஒன்பது நாள் தங்கினேன். முதுகுக்கு இத்தனை நிமிடம், காலுக்கு இத்தனை நிமிடம், கை எந்த வரிசையில் போக வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். மேசையில் படுத்தது எல்லாம் உடன் படித்த இருபது வயதுப் பெண்கள். ஒரு நோவும் இல்லாத உடம்புகள். கடைசி நாள் புகைப்படம் எடுத்து, சட்டம் போட்ட சான்றிதழ் கொடுத்து அனுப்பினார்கள்.

ஊருக்கு வந்த இரண்டாம் மாதம் பக்கத்துத் தெரு அத்தை கூப்பிட்டார். கர்ப்பப்பை அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. இடது கெண்டைக்கால் வீங்கி, தொட்டால் வலி. "கொஞ்சம் நீவிவிடு தாயி" என்றார். நான் நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கிக் கையில் ஊற்றிவிட்டேன். வாசலில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த கிழவி, அந்தத் தெருவில் பாதிப் பேருக்குப் பிள்ளைப்பேறு பார்த்தவள், உரலை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். இரண்டு கால்களையும் புறங்கையால் மாற்றி மாற்றித் தொட்டாள். "ஒரு கால் மட்டும் வீங்கிச் சுடுகிறது. எண்ணெய் வைக்காதே. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ."

ராமநாதபுரத்தில் ஸ்கேன் எடுத்தபோது ஆழ்சிரையில், அதாவது காலுக்குள் ஆழத்தில் ஓடும் ரத்தக்குழாயில், ரத்தக்கட்டு இருந்தது. நான் அழுத்தி நீவியிருந்தால் அது பெயர்ந்து நுரையீரலில் போய் அடைத்திருக்கலாம். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும், நெடுநாள் படுக்கையில் இருந்த பிறகும் இது வரும் என்பது உடலியலில் தொடக்கப் பாடம். என் சான்றிதழுக்குப் பின்னால் அந்தப் பாடம் இல்லை. அன்று கையில் ஊற்றிய எண்ணெயை என் காலிலேயே துடைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

இதைப் படித்துவிட்டு "பார், நம் பாட்டிகளுக்கு எல்லாம் தெரியும்" என்று யாரும் கிளம்ப வேண்டாம். அதே கிழவி, குழந்தைக்கு உரம் விழுந்துவிட்டது, அதாவது தசை பிடித்துக்கொண்டது, என்று சேலையில் போட்டு உருட்டுவாள். கழுத்து நிற்காத பிஞ்சை அப்படிக் குலுக்குவது ஆபத்து. முடிவெட்டிய கையோடு கழுத்தைச் சடக்கென்று திருப்பி நெட்டி முறிப்பதும் அப்படித்தான். கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிந்தால் பக்கவாதத்தில் கொண்டுபோய் விடும். சத்தம் வந்தால்தான் காசு கொடுத்த திருப்தி நம் ஆட்களுக்கு. என்ன செய்ய!

உடம்பைப் பிடித்துவிடுவதற்குச் சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்று ஒன்பது வகை. ஸ்வீடிஷ் மசாஜ் பாடத்தைத் திறந்தால் நீவுவதும் தேய்ப்பதும் போக, தட்டுவது, பிசைவது, அதிரச் செய்வது எல்லாம் பிரெஞ்சுப் பெயர்களில் இருக்கும். முதன்முதலில் படித்தபோது சிரித்துவிட்டேன். பாதிக்கு மேல் அம்மா எனக்குச் செய்துவிட்டதுதான். பெயர் தெரிவதால் கை வந்துவிடாது என்பது வேறு விஷயம்.

கைக்கு எத்தனை மணி நேரம் வேண்டும்? அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாஸில் உரிமம் வாங்க 500 மணி நேரப் படிப்பு, நியூயார்க்கில் 1,000 மணி நேரம். ஜப்பானில் மூன்று ஆண்டு படித்துத் தேசியத் தேர்வு எழுத வேண்டும். பார்வையற்றவர்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். பாங்காக்கின் வாட் போ கோயில் வளாகத்தில் 1955-இலேயே பள்ளி தொடங்கிவிட்டார்கள். 2019-இல் தாய்லாந்து மசாஜ் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியது. நமக்கு மட்டும் பத்து நாள் போதுமாம்.

நம் மாநிலத்திலும் ஒழுங்கான வழி இல்லாமல் இல்லை. சென்னை அரும்பாக்கத்திலும் பாளையங்கோட்டையிலும் அரசு நடத்தும் நர்சிங் தெரபி பட்டயப்படிப்பு இருக்கிறது. இரண்டரை ஆண்டு. படித்தவர்கள் அரசு சித்த மருத்துவமனைகளில் சிகிச்சை உதவியாளர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். நான் பிறகு படித்தது அதுதான். அங்கே நோயாளிகளின் உடம்பு இருந்தது. பக்கவாதத்தில் இறுகிய கை, சர்க்கரை நோயில் உணர்ச்சி போன பாதம், எலும்பு தேய்ந்த பாட்டியின் முதுகு. சூடு தெரியாத பாதத்தில் ஒற்றடம் கொடுத்தால் தோல் வெந்த பிறகுதான் நமக்கே தெரியும். இதையெல்லாம் ஒருவர் பக்கத்தில் நின்று, கையைப் பிடித்துக் காட்டித்தான் கற்றுத்தர முடியும்.

என் வருத்தம் ஒன்றுதான். ராமேஸ்வரத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு அரை நாள் பயணம். எங்கள் பக்கத்துப் பெண்ணை விடுதியில் விட எத்தனை வீட்டில் சம்மதிப்பார்கள்? இந்தப் படிப்புக்கு இந்தக் கடற்கரையைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. நாள் முழுக்க வலை இழுத்த தோள்பட்டை எப்படி இருக்கும் தெரியுமா? தோள்பலகையின் உள்விளிம்பில் விரலை வைத்தால் புளியங்கொட்டை அளவில் ஒரு முடிச்சு வழுக்கும். அதை அழுத்தினால் வலி அங்கே இராது, கையில் ஓடும். பாசி எடுக்கும் பெண்களுக்கு இடுப்பு. விரலில் துணி சுற்றிக்கொண்டு போனாலும் பாறை கிழித்த புண் ஆறுவதே இல்லை; புண் உள்ள கையில் எண்ணெய் போடக் கூடாது என்று அம்மாவுக்கே தினமும் சொல்ல வேண்டியிருக்கிறது. பனை ஏறுகிறவர்களுக்கு முழங்கால். விடுதிகளில் வந்து தங்கும் பயணிகளுக்காக மட்டும் ஆளைத் தயார் செய்கிறார்களே, இந்த உடம்புகளை யார் பார்ப்பது? மாவட்டத்தில் ஏதாவது ஒரு ஐடிஐயில் இதை இரண்டு ஆண்டுத் தொழிற்படிப்பாக வைத்து, பயிற்சியை மீன்பிடி துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே ஒரு அறையில் நடத்தட்டும் என்பது என் கட்சி.

வருமானம்? பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் சும்மா இருப்பார்கள். தோளைச் சரிசெய்ய அதைவிட நல்ல சமயம் கிடையாது. அப்போது கையில் காசு இருக்காது, ஒருவரும் வர மாட்டார்கள். கடலுக்குப் போகத் தொடங்கியதும் வருவார்கள், சிலர் கூலிக்குப் பதில் ஒரு கூறு மீனோடு. சூடை என்றால் சரி, காரல் கொண்டுவந்தால் நான் முகம் சுளிப்பேன்.

அடுத்தது பெயர். "மசாஜ் செய்கிறேன்" என்றால் ஒரு சிரிப்பு வரும். "தொக்கணம்" என்றால் புரியாது. "பிடித்துவிடுகிறேன்" என்றால்தான் மரியாதை. 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் மசாஜ் நிலையங்களில் கேமரா வைக்கச் சொன்னது. அடுத்த மாதமே மதுரைக் கிளை, அது அந்தரங்க உரிமையில் கைவைப்பதாகும் என்றது. துண்டு போர்த்திப் படுத்திருப்பவருக்கு மேலே கேமரா வைக்கலாம் என்று தோன்றியதே இந்தத் தொழிலை நாம் எப்படிப் பார்க்கிறோம் என்று காட்டிவிடுகிறது. இந்த இளக்காரம் ஸ்பாவோடு வந்தது என்று நினைக்காதீர்கள். பிள்ளை பெற்றவளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய மருத்துவச்சியைக் கொல்லைப்புறமாகத்தானே வரச் சொன்னோம்? தொடுகிற வேலையைச் சில சாதிகளின் தலையில் கட்டிவிட்டு, தொட்டவர்களையே தள்ளி வைத்தோம். இன்று அதே வேலைக்கு ஏசி அறையில் கட்டணம் கட்டுகிறோம்.

இன்னொன்று, நம் உடம்பு. பத்து நாள் படித்தவர்கள் கட்டைவிரலால் குத்திக் குத்திச் சில ஆண்டுகளில் விரல் மூட்டைத் தொலைத்துவிடுவார்கள். நின்றபடி கையைத் தொங்கவிட்டால் விரல் முட்டி படும் உயரத்தில் மேசை இருக்க வேண்டும். அழுத்தம் இடுப்பிலிருந்து, உடல் எடையிலிருந்து வர வேண்டும். முன்கையைப் பயன்படுத்தப் பழக வேண்டும். எனக்கு இதைச் சொல்லித்தர ஆள் கிடைப்பதற்குள் வலது கட்டைவிரல் பாதி போய்விட்டது; இப்போதும் மழைக்காலத்தில் பாட்டில் மூடி திறக்க அண்ணன் மகனைத்தான் கூப்பிடுகிறேன்.

துபாய் பற்றிச் சுருக்கமாக. ஆள் அனுப்புகிறவருக்கு மத்திய அரசின் பதிவு இருக்கிறதா என்று ஈ-மைக்ரேட் இணையதளத்தில் பார். இல்லையென்றால் பேச்சே வேண்டாம். ஒப்பந்தத்தில் என்ன வேலை என்று எழுதியிருக்கிறது என்று படி, வீட்டில் இன்னொருவரையும் படிக்கச் சொல்.

இவ்வளவையும் அந்தப் பெண்ணுக்குப் போனில் சொன்னேன். ஒரு வாரம் என்னோடு வந்து உட்கார்ந்து பார், பிறகு முடிவெடு என்றேன். நேற்று காலை பஸ் பிடித்து வந்துவிட்டாள். எனக்குப் பாளையங்கோட்டையில் கொடுத்ததையே அவளுக்கும் கொடுத்தேன். பழைய பஞ்சாங்கத்தின் ஒரு தாளுக்கு அடியில் தலைமுடி ஒன்றை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தேடச் சொன்னேன். கண்டுபிடித்தாள். இரண்டு தாள். அதையும் கண்டுபிடித்தாள். மூன்றாவது தாளில் முடி தொலைந்துவிட்டது. "இதைக் கற்றுக்கொள்ளவா அக்கா வந்தேன்?" என்று எரிச்சலோடு கேட்டாள். போகும்போது பார்த்தால் பஞ்சாங்கத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டிருக்கிறாள்.