ரோமப் போர்வை போர்த்திய யானை

சேலத்து சினிமா ஸ்டுடியோ மாடர்ன் தியேட்டர்ஸ் என்றதும் ‘மந்திரி குமாரி’ நினைவுக்கு வரும். இல்லையென்றால் 1956-இல் வந்த தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’. அதே ஸ்டுடியோ 1952-லேயே அமெரிக்கக்காரர்களோடு கூட்டுச் சேர்ந்து ஓர் அறிவியல் புனைவுப் படம் எடுத்தது என்றால் சேலத்துக்காரர்களே நம்புவதில்லை. ஆங்கிலத்தில் ‘தி ஜங்கிள்’, தமிழில் ‘காடு’. இயக்கம் வில்லியம் பெர்க்.

போன மாதம் ஏற்காட்டில் நண்பன் வீட்டில், லேப்டாப்பில் ஆங்கிலப் பதிப்பைப் பார்த்தோம். அவனுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் உண்டு. வெளியே மழை, ஜன்னலை ஒட்டிப் பனிமூட்டம். படத்துக்குத் தோதான இரவுதான்.

கதை சின்னது. யானைகள் ஊருக்குள் புகுந்து நாசம் செய்கின்றன. காரணம் கண்டுபிடிக்க ஓர் இளவரசி ஆள் சேர்த்துக்கொண்டு காட்டுக்குள் போகிறாள். கூட வரும் அமெரிக்க வேட்டைக்காரர், உள்ளே மம்மூத் (எப்போதோ அழிந்துபோன சடைமுடி யானை) இருக்கிறது, என் கண்ணால் பார்த்தேன் என்கிறார். நம்ப ஆளில்லை. கடைசியில் மம்மூத் வருகிறது. வருகிறது என்றால், நம்ம ஊர் யானைக்குச் சடைசடையாக ரோமப் போர்வையைப் போர்த்தி நடக்க விட்டிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. (ஆசிய யானைதான் மம்மூத்துக்கு மிக நெருங்கிய சொந்தம். அந்த வகையில் நடிகர் தேர்வு சரிதான்.)

என் பார்வையில் அது ஆசையின் படம். 1935-இல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய ஒரு ஸ்டுடியோ, சேலத்தில் உட்கார்ந்துகொண்டு ஹாலிவுட்டோடு கை கோத்தது. கூடவே ஒரு எரிச்சலும் இருந்தது. நம் காட்டில் என்ன நடக்கிறது என்று சொல்ல ஒரு வெள்ளைக்காரர்தான் வர வேண்டுமா? இதை அரை மணி நேரம் பேசினேன் என்று நினைக்கிறேன்.

அவன் சிரிக்கவே இல்லை. “போர்வையை விடுறா. யானை ஏன் ஊருக்குள்ள வருதுன்னு கேக்குறாங்க பாரு. அதுக்குப் பின்னாடி எதுவோ துரத்துதுன்னு சொல்றாங்க. அதான் படம்.”

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் யானை இல்லை, காட்டெருமை உண்டு. நாலு காலிலும் வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி வந்து நிற்கும். அவன் தோட்டத்தில் இரவில் இறங்கி, காப்பிக் கிளையை ஒடித்து, தண்ணீர் ஹோஸை மிதித்துப் பிய்த்துவிட்டுப் போகிறது. புகார் எழுதிக் கொடுத்திருக்கிறான். வந்து பார்த்தவர் குளம்புத் தடத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, “இது பக்கத்துத் தோட்டத்து மாடு” என்று எழுதிவிட்டுப் போய்விட்டாராம். அவன் உள்ளங்கையை விரித்துக் காட்டினான். “இதைவிடப் பெருசு தடம். எந்த மாட்டுக்குடா இருக்கு?”

அப்புறம்தான் புரிந்தது, அந்த வேட்டைக்காரர் அவனுக்கு அமெரிக்கராகவே தெரியவில்லை. பார்த்ததைச் சொல்லி, யாரும் நம்பாமல் நிற்கிற ஆள். அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் ஒத்துக்கொள்ளவில்லை. 1952-இல் அந்தப் படத்தை எடுத்தவர்கள் காட்டு விலங்கின் நியாயத்தை யோசித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. துப்பாக்கியோடு ஒரு வீரன், இளவரசி, வினோத மிருகம். விற்கிற சரக்கு. இதைச் சொன்னதற்கு, “எடுத்தவன் என்ன நெனச்சான்னு எனக்கெதுக்கு? என்னைக் கேக்காம என் தோட்டத்தை எடுத்திருக்கான்” என்றான். பதில் சொல்லத் தெரியாமல் டீயைக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது.

மறுநாள் இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கி, மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவைத் தாண்டும்போது வண்டியை மெதுவாக்கினேன். ஸ்டுடியோ போய், மிஞ்சியது அந்த வளைவு மட்டும்தான். செல்ஃபி எடுப்பவர்களைப் பார்த்தால், உங்களுக்கு மம்மூத் கதை தெரியுமா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

‘காடு’ தமிழ்ப் பதிப்பு யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். அந்த வேட்டைக்காரர் தமிழில் எப்படிச் சொல்லியும் நம்பாமல் விட்டார்கள் என்று அவனுக்குப் பார்க்க வேண்டுமாம்.